கறுப்பு உறைக்குள்

"எபி அண்ணன் வாசிக்கிறாரு, பாட்டக் கொஞ்சம் கொறப்பா!" என்று முன் சீட்டு பிரின்சி சொன்னதும் கம்பெனி பஸ் டிரைவர் பாட்டைக் குறைத்தார். எபினேசர் கறுப்பு உறையின் ஜிப்பைத் திறந்து, நேற்று விட்ட இடத்தில் குனிந்தான். சோழவரம் தாண்டுவதற்குள் அவன் கண் கலங்கிவிட்டது.

பக்கத்து சீட்டு சாம்சன் வழக்கம்போல அவன் தோளில் தலையைச் சாய்த்து அரைக்கண் மூடிக் கிடந்தார். எபினேசர் அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை எடுக்கும்போதெல்லாம் அவரிடமிருந்து ஒரு கனைப்பு வரும். தோள் அசைந்து பெரியவர் தூக்கம் கெடுகிறதே என்று அவனும் சற்றுப் பொறுத்துத்தான் திருப்புவான்.

உறை மட்டும்தான் வேதப்புத்தகத்துடையது. உள்ளே இருந்தது ஒற்றர் கதை. பழவேற்காட்டு டச்சுக் கோட்டை, வெடிமருந்துக் கிடங்கு, கடலுக்குப் போகும் சுரங்கம், கத்தியை வாயில் கவ்விக்கொண்டு நீந்துகிற ஒற்றன்! இந்த மாதிரிக் கதை என்றால் எபினேசருக்குச் சோறு வேண்டாம்.

கதைப் புத்தகம் கண்ணில் பட்டால் அடுப்பில் போட்டுவிடுகிற மனைவி ஜெபாவுக்குப் பயந்து ஆரம்பித்த திருட்டுத்தனம் இது. பஸ்ஸில் இருந்தவர்கள் அவனைப் பெரிய பக்திமான் ஆக்கிவிட்டார்கள். பார்க்கிறவர்களெல்லாம் "எனக்காக செபம் பண்ணு" என்று சொல்லும்போது கூசும். மறுநாள் பஸ் ஏறியதும் கை தானாக ஜிப்பைத் தேடும்.

அன்று சுரங்கத்துக்குள் கடல் புகுந்து ஒற்றனுக்குக் கழுத்துவரை தண்ணீர். பக்கத்தில் ஒரு முனகல் கேட்டது. வழக்கமான கனைப்புதானே என்று எபினேசர் கண்ணை எடுக்கவில்லை. பிரின்சி திரும்பிப் பார்த்து அலறிய பிறகுதான் நிமிர்ந்தான். சாம்சன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்வையில் நனைந்து கிடந்தார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அந்தப் புத்தகத்தைத் தொடவே அவன் கை கூசியது. வீட்டில் வைத்தால் ஜெபா பார்த்துவிடுவாள் என்று பையிலேயே கிடந்தது. ஒரு நாள் ஷிப்ட் முடியும் நேரத்தில் சாம்சனின் மனைவி ரோசம்மாள் போன் செய்தாள்.

"நாளிக்கி அவருக்கு ஆபரேசன் தம்பி. நீ வந்து வாசிக்கணுமாம், ஒரே அடம் புடிக்கிறாரு. பஸ்ல வாசிப்பியே, அதயே எட்த்துக்கினு வரச் சொன்னாரு."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போய் நிஜ வேதத்தை எடுத்து வரலாம் என்று பார்த்தால், விஷயம் தெரிந்த டிரைவர் பஸ்ஸைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

வார்டுக்குள் அவன் நுழைந்ததும் ரோசம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். "அன்னிக்கி இவருக்கு அப்டி ஆனப்போ, இந்தத் தம்பி கண்ணு கலங்க வாசிச்சிக்கினே இருந்துச்சாம். அந்த செபந்தான் காப்பாத்துச்சி" என்று அவர்களிடம் சொன்னாள். எபினேசருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"நீ கொஞ்சம் வெளிய இரு ரோசு. தம்பி எனுக்கு மட்டும் வாசிக்கட்டும்" என்றார் சாம்சன். ரோசம்மாள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு வெளியே போனாள்.

மனப்பாடமாகத் தெரிந்த நாலு வசனத்தைச் சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் நாளைக்கு உயிரைப் பணயம் வைக்கப் போகிற மனுஷனிடம் அந்த நாடகத்தை ஆட எபினேசருக்கு மனம் வரவில்லை. ஜிப்பைப் பிடித்தபடியே அழுதுவிட்டான்.

"என்ன மன்னிச்சுடுண்ணா. இது வேதமில்ல, கதப் பொஸ்தகம். நீ நெஞ்சப் புட்சிக்கினு துடிச்சப்போகூட இதத்தான் படிச்சிக்கினு இருந்தேன். உன்னத் திரும்பிப் பாக்கலண்ணா, நான் மனுஷனே இல்ல."

சாம்சன் திரை இடுக்கு வழியாக ரோசம்மாள் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக நகர்ந்து, பஸ்ஸில் சாய்வதுபோலவே அவன் தோளில் தலையைச் சாய்த்தார்.

"அழுவாத நைனா. கழுத்து வரிக்கும் தண்ணி வந்துச்சே, அவன் பொழச்சானா?"