திராட்சரசம்

நடுக்குவாதம் வந்த பிறகு எலியேசர் நற்கருணைக்குப் போவதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தைத் திருப்பிய கைகள் அவருடையவை. போன ஈஸ்டரன்று கிண்ணத்தை வாங்கியபோது அவை உதறி, திராட்சரசம் பலிபீடத்து வெள்ளைத் துணியில் தெறித்துவிட்டது. அன்றிலிருந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்பு மூட்டாத வீட்டுக்குள் பக்கத்து வீட்டுக் குழம்பு மணப்பதுபோல் இருக்கும் அவருக்கு.

அந்த ஞாயிறன்று போதகர் கிண்ணத்தை உயர்த்தி, "இயேசு நமக்காகச் சிந்தின இரத்தம்" என்றார். மனைவி கிருபாமணி எழுந்தாள்.

"நீங்களும் வாங்க."

"மறுபடியும் சிந்திருவேன், கிருபா."

"சிந்துனதத்தான குடிக்கப் போறோம்? எந்திரிங்க."

எலியேசர் அவளையே பார்த்தார். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

முழங்காலிட்டதும் கிண்ணம் வந்தது. தாங்கிப் பிடிக்க நீண்ட கிருபாமணியின் கையை அவர் மெல்ல விலக்கினார். நடுக்கம் கொஞ்சமும் குறையவில்லை. பெரும்பகுதி சட்டையில் வழிந்தது. மீதி உதட்டை மட்டும் நனைத்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணை உயர்த்திப் போதகரிடம் கேட்டார்:

"இன்னுங் கொஞ்சம் தருவீங்களா, ஐயா?"