கல்யாணம் என்றொரு ஃபோல்டர்

கணினி கேட்டது.

இதே பெயரில் ஒரு ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவா?

அவள் விரல் மவுஸின் மேல் நின்றது.

இரண்டுக்கும் ஒரே பெயர்தான். கல்யாணம்.

கணினிக்குள் இருந்தது மாப்பிள்ளை வீட்டார் அழைத்து வந்த கேமராக்காரர் எடுத்தது. ஒரு வருடமாகப் புடவைகளுக்கு அடியில் கிடந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது பெண் வீட்டாருடையது.

காதல் கல்யாணம். ஒரே மேடையில் நின்ற சம்பந்திகள் ஒரே படத்தில் நிற்கவில்லை.

இன்று முதல் திருமண நாள். மாலையில் இரண்டு வீட்டாரும் வருகிறார்கள். டிவியில் கல்யாணப் படங்களை ஓடவிட வேண்டும் என்பது கணவனின் ஆசை.

மாமியார் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

“நம்ம பக்கம் எடுத்ததை மட்டும் போடச் சொல்லுடா. அவங்க படத்தை அவங்க வீட்ல போட்டுப் பாத்துக்கட்டும்.”

ஸ்பீக்கர் போட்டிருப்பது கணவனுக்கு மறந்துபோயிருந்தது. சரிம்மா என்றான்.

அப்படியானால் அவள் கல்யாணத்தில் அவள் அம்மா இல்லை.

சேர்க்கவும்.

ஒரே எண்ணுள்ள படங்கள் எதிர்ப்பட்டபோது கணினி மறுபடியும் தயங்கியது. பழையதை அழிக்கவா?

வேண்டாம். இரண்டும் இருக்கட்டும்.

எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தினாள். அவனுடைய பெரியப்பாவுக்குப் பக்கத்தில் அவளுடைய சித்தி வந்தாள். முறைத்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் பக்கத்தில் பாயசம் கேட்டு அழும் அக்கா மகள். யாரையும் கேட்காமல் எல்லோரும் கலந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு படத்தில் மட்டும் அவள் நெடுநேரம் நின்றாள்.

மாலை.

சோபாவின் நடுவில் மாமியார். வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் அம்மா, எழுந்து போகத் தயாராக இருப்பவள் மாதிரி நுனியில்.

அம்மாவின் முகம் டிவியில் வந்ததும் மாமியாரின் கழுத்து மகன் பக்கம் திரும்பியது. மகன் மின்விசிறியைப் பார்த்தான்.

“நான்தான் சேர்த்தேன், அத்தை.”

ரிமோட் அவள் கையில் இருந்தது.

தாலி கட்டும் நேரம் வந்தது. மாமியார் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும் படம். அவ பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கல என்று ஒரு வருடமாகச் சொல்லி வந்ததற்குச் சாட்சி.

அடுத்தது, பெண் வீட்டுக் கேமரா. பின்பக்கத்திலிருந்து எடுத்தது.

குனிந்த அவள் தலை. சரிந்து விழப்போகும் மல்லிகைச் சரம். அதைத் தாங்கி மேலே செருகும் ஒரு கை. மணிக்கட்டில் பச்சைக்கல் வளையல்.

அவள் படத்தை நிறுத்தினாள்.

அறையில் எல்லோரும் சோபாவைப் பார்த்தார்கள். அதே வளையல் மெல்லப் புடவைத் தலைப்புக்குள் மறைந்தது.

“ஒரு ஹேர்பின் ஒழுங்காக் குத்தத் தெரியாதவளுக்கு அவ்ளோ பூ எதுக்கு?” என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல்.



அவள் தன் தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி டீப்பாயில் வைத்தாள். பூச்சரம் கழுத்துக்குச் சரிந்தது.

ரிமோட்டைக் கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்தாள்.

பிறகு திரும்பி வந்து, மாமியாரின் கைக்கெட்டும் தூரத்தில், அவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.