மாலை போட்ட படம்

தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்து நடிகர் வீரராகவன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கள்ளிக்குப்பத்தில் அந்த ஒற்றை அறை வீட்டில் வேறு படமே இல்லை. குதிரைமேல் ஒரு கொள்ளைக்காரன், முகத்தில் கறுப்பு முகமூடி, இடது கையில் சாட்டை. கீழே அகல் எரிந்தது. அவர் வீட்டுக் கூடத்திலும் இதே படம்தான் மாட்டியிருக்கிறது.

உயிரோடு இருப்பவனுக்கு மாலை. போடட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னா சார், அங்கியே நின்னுட்டீங்க? உள்ள வந்து குந்துங்க." முத்தம்மாள் பாயை உதறிப் போட்டாள். ஜன்னலில் பக்கத்து வீட்டுப் பேபியின் முகம் தெரிந்தது. "யேய் பேபி, எட்டிப் பாக்காத. வில்லன் வந்துகீறாரு, தூக்கினு போயிடுவாரு."

வீரராகவன் சிரிக்கவில்லை.

1964இல் பூந்தமல்லிக்கு அப்பால் வறண்ட ஏரியில் படப்பிடிப்பு. முத்தம்மாளின் கணவர் மதுரைவீரன் அவருக்கு டூப். காலையில் இருவருக்கும் ஒரே உடுப்பு, ஒரே முகமூடி. ஒருவர் பின் ஒருவராகக் குதிரையில் ஏற்றி ஸ்டில் எடுத்தார்கள். பிறகு மதுரைவீரன் பள்ளத்தைத் தாண்டினார். டைரக்டர் ஓகே சொல்லிவிட்டார். வீரராகவன்தான், "இன்னும் வேகம் வேணும், இன்னொரு தடவை" என்றார்.

இரண்டாம் தடவை குதிரை மடங்கி விழுந்தது. அதன்பின் மதுரைவீரன் எழுந்து நடக்கவில்லை. அந்தப் படம் ஓடி வீரராகவனுக்கு வீடு வந்தது, கார் வந்தது. அவர் ஒருநாள்கூடக் கள்ளிக்குப்பம் வரவில்லை. போன மாதம் மதுரைவீரன் இறந்ததை ஸ்டண்ட் மாஸ்டர் சொன்னார். அதற்குச் சில வாரம் முன்புதான் வீரராகவன் டெலிவிஷன் பேட்டியில், "டூப்பே கிடையாது, அந்தப் பள்ளத்தை நானேதான் தாண்டினேன்" என்று சொல்லியிருந்தார்.

"டீவியில நான் பேசினதை அவர் பாத்தாராம்மா?"

"பாக்காம? கம்பெனி மேஸ்திரி ஊட்ல டீவிப் பொட்டி கீது. கட்டிலோட தூக்கினு போனாங்க."

"டூப் இல்லேன்னு சொன்னப்போ?"

"ஒண்ணும் பேசல. நடுவுல இந்த போட்டோவ காட்டுனாங்க பாருங்க, அப்ப மட்டும் சிரிச்சாரு. சிரிச்சி சிரிச்சி இருமலே வந்துட்ச்சி."

"என் பொய்யைப் பாத்துச் சிரிச்சிருப்பார். கோபமா இருந்தாரா?"

"கோவம் வந்தா அந்தாளு பீச்சாங்கையால சொம்ப தூக்கி அடிப்பாரு சார். எல்லாத்துக்கும் அந்தக் கைதான். அன்னிக்கு சொம்பு பத்திரமா கீது."

ஜன்னலில் பேபி சிரித்தாள். "சொம்பா? ரெண்டு ஊட்டுக்கும் நடு செவுத்தப் பாரு, எத்தினி சொட்டைன்னு."

வீரராகவன் கைகளைக் கோத்துக்கொண்டார். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"முதல் தடவையே நல்லா வந்துதும்மா. நான்தான் இன்னொரு தடவை கேட்டேன்."

முத்தம்மாள் அகல் திரியைத் தூண்டினாள். "தெரியும் சார்."

"தெரியுமா?"

"ஆஸ்பத்திரிலேந்து வந்து சேந்த அன்னிக்கே சொல்ட்டாரு."

"தெரிஞ்சுமா என்னை உள்ளே கூப்பிட்டீங்க?"

"வாசல் வரிக்கும் வந்துட்டீங்க. இன்னா பண்ண சொல்றீங்க?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். எழுந்து படத்தின் முன் போய் நின்றார். மாலையில் பூ இன்னும் வாடவில்லை. இன்று காலை போட்டதாக இருக்கும்.

"தினமும் போடுவீங்களா?"

"ஆமா."

"போடுங்கம்மா. எனக்கு இது தகும். உங்க வீட்டைப் பொறுத்தவரைக்கும் நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

முத்தம்மாள் அவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

"இன்னா சார் பேசறீங்க? அவரு போட்டோ புடிச்சிகினதே அந்த ஒரு வாட்டிதான்."

அவருக்குப் புரியவில்லை என்று கண்டு, முத்தம்மாள் குரலைத் தணித்துச் சொன்னாள்.

"அது நீங்க இல்ல சார். எங்க ஊட்டுக்காரரு."