பாண்டீஸ்வரனின் சொட்டு மிஷின்

சொட். சொட். டங்.

அழகுத்தாயின் காதில் அந்தச் சத்தம் இன்னும் இருக்கிறது. சிறுவயதில், எஸ்டேட் லயத்து வீட்டில், மழைக்காலம் முழுக்கத் தகரக் கூரை ஒழுகும். அம்மா குண்டானும் சட்டியும் டம்ளருமாகப் பரப்பி வைப்பாள். எது நிறைந்தது என்று அழகுத்தாய் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். மழை விட்டாலும் சொட்டு உடனே விடாது. ஒவ்வொன்றாகத்தான் ஓயும்.

ஐம்பத்தாறு வயதில் அதை மறுபடி கேட்கவைத்தவன் பாண்டீஸ்வரன்.

சித்திரபுரத்தில் ஆன்மேரி மேடத்தின் ஹோம்ஸ்டே. கண்ணாடி அடைத்த வராந்தாவுக்குள் இருபத்தாறு பூந்தொட்டிகள். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது அழகுத்தாயின் வேலை. கரண்டு போனாலும் குழாய் உடைந்தாலும் சரிசெய்வது பாண்டீஸ்வரன் வேலை.

ஒருநாள் மேடம் போனில், தொட்டிச் செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் சொட்டும் ஒரு வீடியோவைக் காட்டி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"பாண்டி, இதே போல இங்கயும் செய்யணும். ஒண்ணாந் தேதிக்குள்ள சரியா ஓடினா, தண்ணி ஊத்த ஆள் வேண்டா. அழகுத்தாய்க்கும் வயசாச்சில்லே, வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுக்கட்டும்."

ரெஸ்ட் என்ற சொல்லை மேடம் அன்பாகத்தான் சொன்னார்.

மூட்டு தேய்ந்து, தேயிலைக் கொழுந்துக் காட்டில் ஏற முடியாமல் போன பிறகு அழகுத்தாய்க்குக் கிடைத்த ஒரே வேலை இது.

பாண்டீஸ்வரன் மறுநாளே இறங்கிவிட்டான். பரண்மேல் ஒரு தண்ணீர் கேன். அதிலிருந்து சுவரோரமாக ஒரு கறுப்புக் குழாய். குழாயில் துளை போட்டு, தொட்டிக்கு ஒன்றாக, மருந்துக் கடையில் வாங்கிய குளுக்கோஸ் டியூப்.

"யக்கா, அந்த டியூப எடுத்துக் குடுங்க."

"எனக்கு ஏத்த வேண்டிய குளுக்கோஸைச் செடிக்கு ஏத்துறியாக்கும்."

"செடிக்குச் சுகர் இல்லக்கா. உங்களுக்கு இருக்குல்ல."

"ஒனக்கு வாய் மட்டும் அடைக்காம ஓடுது."

டியூபில் இருந்த சின்ன உருளையைத் திருகி, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று போனைப் பார்த்து எண்ணினான். ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டான்.

"ஒண்ணாந் தேதிக்கு மேல என்னக்கா செய்வீங்க?"

"மேடந்தான் சொல்லிட்டாங்கள்ல. ரெஸ்ட்டு எடுப்பேன். வயித்தையும் கூடவே ரெஸ்ட்டு எடுத்துக்கச் சொல்லணும்."

 ஒரு டியூபையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அவள் கிளம்பும்போது இருபத்தாறும் சொட்டிக்கொண்டிருந்தன. வீடுவரைக்கும் அந்தச் சத்தம் கூடவே வந்தது.

காலையில் வந்தால், வராந்தா பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. ஒரு சொட்டு இல்லை.

"என்னய்யா, ஒன் மிஷினுக்குக் காய்ச்சலா?"

"பாசி அடைச்சிருச்சுக்கா."

"ஒரே ராத்திரிலயா?"

"கேன் தண்ணிப் பாசி. வெரசா வளரும்."

அழகுத்தாய் சிரித்துக்கொண்டே குவளையை எடுத்தாள்.

மறுநாள், குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது என்றான். அதற்கு மறுநாள் எறும்பு. ஒருநாள் பல்லி என்றுகூடச் சொன்னான். சாயங்காலம் மேடம் வந்து பார்க்கும்போது இருபத்தாறும் சொட்டும். காலையில் இருபத்தாறும் நின்றிருக்கும்.

அதுதான் அழகுத்தாய்க்கு விசித்திரமாகப் பட்டது. அடைப்பென்றால் ஒவ்வொன்றாக அல்லவா நிற்க வேண்டும்? எல்லாம் ஒன்றுபோல எப்படி? ஆனால் பிழைப்பு தப்பித்த சந்தோஷத்தில் இதையெல்லாம் யார் துருவிக்கொண்டிருப்பார்கள்.

முப்பதாம் தேதி காலை. விருந்தாளிகள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே மேடம் சத்தம் போட்டார்.

"ஒரு டியூப் நேரா விடத் தெரியாது. உனக்கு இங்க என்ன ஜோலி, பாண்டி?"

அழகுத்தாய்க்கு வாய் நிற்கவில்லை.

"இவன் கை பட்டா அருவியே அடைச்சுக்கும் மேடம்."

எல்லாரும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரனும் சிரித்தான்.

"எல்லாத்தையும் கழட்டு. மிஷினும் வேண்டா, நீயும் வேண்டா. தண்ணிக்கு அழகுத்தாய் போதும்."

மறுநாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தா வழியாக வந்தான்.

"யக்கா, ஆந்தூரியத்துக்குக் கொறச்சு ஊத்துங்க. வேரு அழுகிரும்."

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும். போய்யா, பாசி வழுக்காமப் பாத்துப் போ."

போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து, சமையலறைக்குப் பின்னால் அவன் தங்கியிருந்த அறையைக் கூட்டச் சொன்னார் மேடம். துடைப்பத்தோடு கதவைத் திறந்த அழகுத்தாய் அப்படியே நின்றாள்.

சொட்.

சன்னலில், போன மாதம் அவள் குப்பையில் எறிந்த விளிம்பு உடைந்த தொட்டி. அதில் பெரணிச் செடி புதுச் சுருள் விட்டிருந்தது. மேலே ஆணியில் ஒரு பாட்டில். அதே குளுக்கோஸ் டியூப். அதே உருளை. ஆள் போய் ஏழு நாள் ஆகியும் மண் ஈரமாக இருந்தது.

அடுத்த சொட்டு விழுகிறதா என்று காத்திருந்தாள். விழுந்தது. அதற்கடுத்ததும் நேரம் தவறாமல் விழுந்தது.

பாண்டீஸ்வரன் இப்போது முதலமடையில் இருக்கிறான். மாந்தோப்புகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுகிறான்.