முதல் பக்கம்

"லொரெட்டாதான் போட்டுக் கொடுத்திருக்கா! பத்தொன்பது வருஷம் என்கிட்ட சம்பளம் வாங்கினவளுக்கு நன்றி இருக்கா பாரு!"

வால்ட்டர் கிரெபிள் தாள்களை மேசையில் எறிந்தார். அமெரிக்காவின் டொலிடோ நகரில் முதியோர் இல்லம் நடத்துபவர். இறந்துபோனவர்களுக்கும் வைத்தியம் பார்த்ததாக அரசாங்கத்துக்கு பில் அனுப்பினார் என்று அவர்மேல் ஃபெடரல் கேஸ். நிரூபணமானால் பத்து வருஷம் உள்ளே. எறிந்தது, எஃப்.பி.ஐ. ஆட்கள் ஒருவரிடம் பேசிவிட்டு எழுதிய அறிக்கை. வக்கீல் ரோஷெல் நீட்டி முடிப்பதற்குள் பிடுங்கிப் படித்திருந்தார்.

"லொரெட்டா எனக்குத் தெரியாம செஞ்சுட்டா. இதானேம்மா நம்ம வாதம்? அது தெரிஞ்சுதான் முந்திக்கிட்டா. சந்தேகப்பட்டுப் போன வாரமே வேலையை விட்டுத் தூக்கினது நல்லதாப் போச்சு."

ரோஷெல் ஒரு தாளை எடுத்து வாசித்தாள். "'முதலாளி கண்ணுல படாம ஒரு பில்கூட வெளிய போகாது. லொரெட்டா வெறுமனே டைப் அடிக்கிறவ. அவளுக்கு அவ்வளவு மூளை கிடையாது.' தன்னைப் பத்தி யாராவது இப்படிச் சொல்லிப்பாங்களா, மிஸ்டர் கிரெபிள்?"

"நடிப்பும்மா! முட்டாள் வேஷம் போட்டா ஜெயிலுக்குப் போக வேண்டாம் பாரு."

"'இறந்தவங்க லிஸ்ட் வீட்டு மேசையில, கீழ் இழுப்பறையில பத்திரமா இருக்கு'ன்னும் இருக்கே. லொரெட்டா உங்க வீட்டுக்கு வந்திருக்காங்களா?"

கிரெபிளின் முகம் மாறியது. "அவளை எதுக்கு வீட்டுக்குள்ள விடறேன்?" குரல் தாழ்ந்தது. "அப்ப... டோரிஸா? என் பொண்டாட்டியா? அதான் ஒரு மாசமா கண்ணைப் பார்த்தே பேச மாட்டேங்கிறா!"

"அவங்களையும் வேலையை விட்டுத் தூக்கிடுவீங்களா?"

"கிண்டல் பண்ணாதே. எனக்கு எதிரா வாய் திறந்தது யாருன்னு தெரிஞ்சாகணும்."

"எஃப்.பி.ஐ. உங்களைத் தேடி வரவே இல்லையா?"

"ஏப்ரல்ல ரெண்டு பசங்க வந்தாங்க. தங்கமான பசங்க. எப்படி இவ்வளவு பெரிய இல்லத்தை ஒத்தை ஆளா கட்டி ஆளுறீங்கன்னு வாயைப் பிளந்தாங்க. காபியும் வால்நட் கேக்கும் கொடுத்து, கதை பேசியே அனுப்பி வச்சேன். டேப் இல்ல, ஒண்ணும் இல்ல. பேனாவைக்கூட வெளிய எடுக்கல!"

"பேனாவைக் கார்ல போய் எடுப்பாங்க," என்ற ரோஷெல், அவர் பிடுங்கியபோது தன் கையிலேயே தங்கிவிட்ட முதல் பக்கத்தை அவர்முன் வைத்தாள்.

'இடம்: கிரெபிள் வீட்டுச் சமையலறை. தகவல் சொன்னவர்: வால்ட்டர் கிரெபிள். காபியும் கேக்கும் கொடுத்து, இரண்டு மணி நேரம் தாமாகவே பேசினார்.'