கேமரா பிடித்த நடை

பக்கவாதம் வந்த கணவரை மூன்று மாதமாக அவள்தான் தோள்கொடுத்து அந்த ஆய்வுக்கூடத்தில் நடக்க வைத்தாள். உடம்பில் எதையும் ஒட்டாமல், கேமராவே நடையை அளக்கும் ஆராய்ச்சி அது.

"முதுகு வாராவாரம் வளையுது. இடது முழங்கால் பாரம் தாங்கல. இப்படியே விட்டா படுக்கைதான்," என்றார் ஆராய்ச்சியாளர்.

கணவருக்கு முகம் செத்துவிட்டது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆராய்ச்சியாளர் படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், கேமரா ஆளை மாத்திப் பிடிச்சிருக்கு. இது உங்க வீட்டம்மா நடை. உங்க நடையை இப்பத்தான் பார்க்கறேன். நல்லாவே தேறியிருக்கீங்க!"

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க!" என்றார் கணவர்.

கணவரும் ஆராய்ச்சியாளரும் சிரித்தார்கள்.

"தப்பா வந்ததை அழிச்சிடறேன்," என்று ஆராய்ச்சியாளர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

அவள் குனிந்து கணவரை நாற்காலியிலிருந்து தூக்கினாள்.