பரிசத்தில் பேசிய கெமரா

"இதுவா கெமரா?"

வீரய்யா கேட்ட கேள்வியில், தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தாலி கட்ட இன்னும் முக்கால் மணி நேரம்தான். போட்டோக்காரன் தர்ஷனின் கையில் இருந்தது ஒரு சவர்க்காரப் பெட்டி அளவுதான்.

வீரய்யா மாப்பிள்ளையின் தாய்மாமன். பன்னிரண்டு வயதில் தோட்டத்து லய வீட்டை விட்டு இறங்கி, கினிகத்தேனை டவுனில் மூட்டை தூக்கி, அடி வாங்கி, இன்றைக்குச் சொந்தமாக மரக்கறிக் கடை வைத்திருக்கிற ஆள். தராசு முள் நிற்பதற்குள் பேரத்தை முடித்துவிடுவார். கோபமும் அதே வேகத்தில் வரும்.

பரிசம் போட்ட அன்று நகை வேண்டாம், கட்டில் வேண்டாம் என்று சொன்னவர், ஒன்றை மட்டும் அடித்துப் பேசியிருந்தார். அன்றைக்கு வந்திருந்ததைவிடப் பெரிய கெமரா, அதைவிடப் பெரிய வெளிச்சம்.

காரணம் அவருடைய அக்கா பேச்சியம்மா. புருஷன் போன பிறகு தேயிலைக் கொளுந்தெடுத்தே ஒற்றை மகனை ஆளாக்கியவள். அடையாள அட்டையில் இருப்பதைத் தவிர அவளுக்கென்று ஒரு படம் கிடையாது. மகன் கலியாணத்திலாவது அக்காவை ஒரு நல்ல படத்தில் பார்த்துவிட வேண்டும், அதைக் கடைச் சுவரில் மாட்ட வேண்டும். ஆணிகூட அடித்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

பெண்ணின் அப்பா முத்துலிங்கம் கையைப் பிசைந்தார்.

"பெரிசுதான் பேசியிருந்தேன் சம்மந்தி. பிரியந்திதான் இதை மாத்தச் சொல்லிச்சு. ஏன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்குது."

"மருமகளா வர முன்னமே சிக்கனம் பாக்குதா?"

வீரய்யா கெமராவை வாங்கி, உருளைக்கிழங்கில் அழுகல் தேடுகிற மாதிரி புரட்டிப் பார்த்தார்.

"நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லு தம்பி. வியாபாரிகிட்ட மறைக்காதே."

தர்ஷன் மறைக்கவில்லை. பெரிய கெமராவில் படத்தைக் கண்ணுக்குத் திருப்பிக் காட்டுகிற கண்ணாடி இதற்குள்ளே கிடையாது, அதனால்தான் உடம்பு சிறுத்துவிட்டது என்றான். எடுக்கிற படம் பின்பக்கத் திரையிலேயே தெரியும். கொஞ்ச வெளிச்சம் இருந்தாலும் போதும். கெட்டது என்றால், குளிருக்குப் பெட்டரி நிற்காது. இன்னும் இரண்டைப் பனியனுக்குள் சூட்டோடு வைத்திருக்கிறான். கண்ணை வைத்துப் பார்க்க ஓட்டை இல்லை. வெயிலில் நின்றால் பின்பக்கம் ஒன்றும் தெரியாது. ஓடுகிற ஆளைப் பிடிக்கக் கொஞ்சம் திணறும்.

"சத்தம்?"

"மெல்லிசாத்தான் கேக்கும் முதலாளி. மேளத்துக்குள்ள அதுவும் கேக்காது."

"சத்தமும் இல்ல, வெளிச்சமும் இல்ல. இதெல்லாம் ஒரு கெமரான்னு எங்க அக்கா முன்னாடி நீட்டப் போறியா?"

அதற்குள் மேளம் கொட்டிவிட்டது. தாலியும் ஏறியது.

வீரய்யாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடும்பப் படத்துக்கு எல்லோரையும் மேடையில் நிறுத்தினார், அக்காவைக் காணோம். சோற்று அண்டாவுக்குப் பின்னால் இருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் திரும்புவதற்குள் வெற்றிலைத் தட்டு எடுக்கப் போனவள் போனவள்தான். மூன்றாம் தரம் தேடிப் போனபோது கொல்லைப்பக்கம் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள்.

இருபது வருஷத்துக்கு முன்பு கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி குத்தி, பேச்சியம்மாவின் இடது கண் வெள்ளையாகிப் போனது. அதனால்தான் படத்துக்கு முகம் காட்ட மாட்டாள் என்பது வீரய்யாவுக்கும் தெரியும். ஆனால் சாமான் பெரிதாக இருந்தால் மரியாதைக்காவது அக்கா வந்து நிற்பாள் என்பது அவர் கணக்கு.

அவர் நேராக முத்துலிங்கத்திடம் போய்த் தன் பையைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

"இந்த டப்பாவுக்கு எங்க அக்கா எப்படி வந்து நிக்கும்? பேச்சு மாறின வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

தாய்மாமன் சாப்பிடாமல் போனால் அது எத்தனை வருஷத்துப் பகை என்று மண்டபத்துக்கே தெரியும். முத்துலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. மேடையில் பிரியந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

தர்ஷன்தான் குறுக்கே வந்து, கெமராவின் பின்பக்கத்தை அவர் பக்கம் திருப்பினான்.

மகன் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றுகிற பேச்சியம்மா. அட்சதையைக் கைநிறைய அள்ளிக்கொண்டு அழுகிற பேச்சியம்மா. கடைசியில், மருமகளின் தலையில் பூவைச் செருகிவிட்டு, முகத்தைத் திருப்பாமல், இரண்டு கண்ணும் தெரிய வாய்விட்டுச் சிரிக்கிற பேச்சியம்மா.

வீரய்யா கெமராவைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"அக்காவுக்குத் தெரியாம எடுத்தியா?"

"எடுக்கும்போது தெரியாதுங்க. எடுத்ததும் ஒவ்வொண்ணையும் கொண்டுபோய்க் காட்டினேன், புடிக்கலன்னா அழிச்சிருறேன்னு. ரெண்டை அழிக்கச் சொன்னாங்க. இந்த மூணையும் வச்சுக்கன்னாங்க. சிரிக்கிறதை மட்டும் ரெண்டு தரம் பார்த்தாங்க."

பை தோளிலிருந்து தானாக இறங்கியது.

"யாருப்பா ஒனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

தர்ஷன் மேடையைக் காட்டினான்.

"பொண்ணுதாங்க. பரிசத்தன்னைக்குக் கெமராவைத் தூக்கினதுமே, அத்தை முந்தானையால கண்ணை மூடிக்கிட்டு அடுப்படிக்கு ஓடினதைப் பார்த்துச்சாம். அந்நேரம் நீங்க சபையில நின்னு, கலியாணத்துக்கு இதைவிடப் பெரிசாக் கொண்டாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களாம்."